கூப்பர் தீவின் கில்லிமாட் காலனி: பெட்டிகளுக்குள் வளர்ந்து சுருங்கிய ஒரு பறவைக் கூட்டத்தின் நிகழ்வு ஆய்வு

அலாஸ்காவின் வட கோடியில் உட்கியாக்விக் என்று ஒரு ஊர், 2016 வரை அதற்கு பாரோ என்று பெயர். அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, போஃபோர்ட் கடலில் மணலும் கூழாங்கல்லுமாக நீளமாகக் கிடக்கிற தட்டையான தீவுதான் கூப்பர் தீவு. மரம் இல்லை, பாறை இல்லை, காற்றுக்கு ஒதுங்க ஒரு மேடுகூட இல்லை. அந்தத் தீவில் ஒரே பறவை இனத்தை ஒரே ஆய்வாளர் 1975-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, கோடைதோறும் போய்த் தங்கிக் கூடு கூடாக எண்ணியிருக்கிறார். அந்தக் காலனி எப்படி உண்டானது, எதனால் பெருகியது, எதனால் சுருங்கியது, நடுவில் அவர் என்னென்ன முடிவு எடுத்தார், எதற்காக எடுத்தார் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆட்களின் பெயர் இதற்குத் தேவைப்படாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிலத்தில் பொழிந்து குவிகிற பனியையும் கடல்நீர் உறைந்து மிதக்கிற பனியையும் நாம் பனி என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இந்தக் காலனியின் வாழ்வில் முதலாவது உருகியது நல்லதாகவும் இரண்டாவது உருகியது கெடுதலாகவும் முடிந்தது, அதனால் இரண்டையும் குழப்பினால் எதுவுமே புரியாது. முன்னதைத் தரைப்பனி என்றும் பின்னதைக் கடற்பனி என்றும் எழுதுகிறேன்.

பின்னணி

கருப்பு கில்லிமாட் கிட்டத்தட்ட புறா அளவில் இருக்கும் கடற்பறவை. கோடையில் உடம்பெல்லாம் கருப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு, கால் நல்ல சிவப்பு, வாயைத் திறந்தால் உள்ளேயும் அதே சிவப்பு. மூழ்கி மீன் பிடிக்கும். குஞ்சுக்கு இரை கொண்டுவரும்போது ஒரு நடைக்கு ஒரு மீன்தான், அதையும் அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வரும் என்பதால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவருக்கே என்ன மீன் என்று தெரிந்துவிடும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம், பின்னால் இதுதான் பெரிய விஷயமாக ஆனது.

இந்தப் பறவை வெட்டவெளி மணலில் முட்டை இடாது. பாறை இடுக்கோ பொந்தோ, தலைக்கு மேல் கூரை மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். வட அலாஸ்காக் கரை முழுக்க மணலும் சரளையும்தான், ஆக அங்கே இதற்கு இடமே கிடையாது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1950களில் அமெரிக்கக் கடற்படை கூப்பர் தீவில் மரப்பெட்டிகளையும் வெடிமருந்துப் பெட்டிகளையும் போட்டுவிட்டுப் போயிருந்தது. 1972-இல் கடற்பறவைகளைக் கணக்கெடுக்க அந்தப் பக்கம் போன இந்த இளம் ஆய்வாளர், கவிழ்ந்து கிடந்த அந்தப் பெட்டிகளுக்கு அடியில் கில்லிமாட்கள் குடியிருப்பதைப் பார்த்தார். 10 ஜோடிகள்.

முதல் முடிவு: இடம் செய்து கொடுப்பது

1975-இல் அவர் திரும்பி வந்தார். அந்தச் சமயம் அலாஸ்காக் கடலோரத்தில் எண்ணெய் எடுப்பதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று அரசு செலவு செய்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தது, அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இந்த வேலையும் நடந்தது. காலநிலை என்ற பேச்சே அதில் இல்லை.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தப் பறவைகள் குறைவாக இருப்பதற்குக் கூடு கட்ட இடம் இல்லாததுதான் காரணமா? அப்படியானால் இடம் கொடுத்தால் பெருக வேண்டும். தீவில் சிதறிக் கிடந்த பலகைகளையும் பெட்டிகளையும் திருப்பி வைத்து, முட்டுக்கொடுத்து, உள்ளே நுழைய ஒரு வாசல் விட்டு, புதுக் கூட்டிடங்களை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனார். பறவைகள் வந்தன. 1980களின் கடைசியில் 200 ஜோடிக்கும் மேல் ஆகிவிட்டது.

இத்தோடு அவர் இன்னொன்றும் செய்தார், என் பார்வையில் இந்த ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது. பொரித்து வளர்ந்த குஞ்சுகளுக்கும் கூட்டுக்கு வந்த பெரிய பறவைகளுக்கும் காலில் உலோக வளையமும் நிற வளையங்களும் மாட்டினார். எந்தப் பறவை எந்தப் பெட்டியில், யாரோடு, எந்தத் தேதியில் முட்டை இட்டது, குஞ்சு எத்தனை கிராம் என்று தினமும் எழுதினார். ஒவ்வொரு கூட்டுக்கும் போய், பெட்டியைத் திறந்து, குஞ்சை எடுத்துத் தராசில் வைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி உள்ளே விட்டு மூட வேண்டும். 200 கூடு என்றால் ஒரு நாளைக்கு அத்தனை பெட்டி. மழையிலும் உறைகிற காற்றிலும் இதைச் செய்ய வேண்டும்.

வளையத்தால் என்ன பயன் என்றால், வளையம் இல்லாமல் ஒரு பறவை வந்து கூடு கட்டினால் அது இந்தத் தீவில் பிறந்தது இல்லை, வேறு எங்கிருந்தோ குடியேறியது என்று தெரிந்துவிடும். ஒரு உயிரினக் கூட்டத்தின் எண்ணிக்கை பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் இந்த நான்கால்தான் மாறும். வெறுமனே தலையை எண்ணினால் நான்கும் கலந்து ஒரே எண்ணாக வரும். வளையம் அதைப் பிரித்துக் காட்டும். கூப்பர் தீவுக் காலனி அவ்வளவு வேகமாக வளர்ந்ததில் உள்ளூர்ப் பிறப்பைத் தவிர வெளியிலிருந்து வந்த பறவைகளுக்கும் பெரிய பங்கு இருந்தது என்று அவர் அறிந்தது இப்படித்தான்.

1980களின் தொடக்கத்தில் அரசு நிதி நின்றுவிட்டது. அவர் போவதை நிறுத்தவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்து, சேர்த்த காசில் கோடையில் தீவுக்குப் போனார். ஒரு நீண்ட காலத் தரவு நடுவில் நான்கைந்து ஆண்டு அறுந்துபோனால் அந்த ஓட்டையைப் பிறகு எந்தப் பணத்தாலும் அடைக்க முடியாது. இதை அப்போதே உணர்ந்து செய்தாரா, பறவைகளின் மேல் இருந்த பற்றினால் செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. தொடர்ந்து போனார், அதுதான் முக்கியம்.

தரைப்பனியின் தேதிகள்

இருபது ஆண்டுக் குறிப்பேடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. பறவைகள் முட்டை இடும் தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1970களின் நடுவில் இருந்ததைவிட 1990களின் நடுவில் சுமார் பத்து நாள் சீக்கிரம். ஒரு ஆண்டில் பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒரு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் நடுவில் வானிலை அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடும்.

காரணம் கூட்டு வாசலில் இருந்தது. தரைப்பனி உருகி வாசல் திறந்தால்தான் பறவை உள்ளே போக முடியும். உள்ளே போன பிறகு முட்டை உருவாகச் சுமார் 14 நாள், அடைகாக்க 28 நாள், குஞ்சு வளர்ந்து தானாகக் கடலுக்கு இறங்க 35 நாள். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 80 நாள். அதற்குள் அடுத்த தரைப்பனி விழுந்து வாசலை அடைத்தால் குஞ்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, வட அலாஸ்காவில் தரைப்பனி இல்லாத நாட்கள் எத்தனை? பாரோவில் வானிலைப் பதிவு நீண்ட காலமாக நடந்துவந்தது. அதைப் புரட்டினால், 1960களுக்கு முன் அந்த இடைவெளி பொதுவாக 80 நாளைத் தொடவில்லை. அதன் பிறகுதான் அடிக்கடி தாண்டத் தொடங்கியது. அதாவது கடற்படை பெட்டிகளை இன்னும் முன்னாலேயே கொண்டுவந்து போட்டிருந்தாலும் கில்லிமாட்கள் அங்கே குஞ்சு எடுத்திருக்க வழியில்லை. பெட்டி இடம் கொடுத்தது, வெப்பம் நாள் கொடுத்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் காலனி பிறந்திருக்கிறது. இடம்தான் எல்லாம் என்று முதல் பத்து ஆண்டு நினைத்தது பாதி சரி.

எண்ணிக்கை இறங்குகிறது

இந்தக் கணக்குப்படி கோடை நீள நீளப் பறவை பெருகியிருக்க வேண்டும். ஆனால் 1990-லிருந்து ஜோடிகள் குறைய ஆரம்பித்தன. காலியான பெட்டிகள் இருந்தன, உள்ளூர்க் குஞ்சுகளும் கணிசமாகப் பிழைத்துப் போய்க்கொண்டிருந்தன, எனினும் குறைந்தது. குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்ததில், முதலில் குறைந்தது வருகை. வளையம் இல்லாத புதுப் பறவைகள் முன்பு மாதிரி வரவில்லை. 1989–90 குளிர்காலத்தையொட்டி வட துருவத்தின் காற்றோட்டம் மாறி, பல ஆண்டு பழைய தடித்த கடற்பனி பெருமளவு அட்லாண்டிக் பக்கமாக வெளியேறியது. குளிர்காலத்தையும் கடற்பனியின் இடுக்குகளிலேயே கழிக்கிற ஒரு பறவைக்கு இது அதன் ஊரே கலைந்த மாதிரி.

அடுத்தது மீன். கில்லிமாட் குஞ்சுக்குப் பிடித்தமான இரை ஆர்க்டிக் காட். விரல் நீளத்தில் வழவழப்பாக, கொழுப்பு நிறைந்த மீன். கடற்பனியின் அடியில் ஒட்டி வளரும் பாசியை நம்பிச் சிறு உயிர்கள், அவற்றை நம்பி இந்த மீன். முன்பெல்லாம் ஆகஸ்டில் குஞ்சு வளர்கிற நேரத்திலும் கடற்பனி தீவுக்குப் பக்கத்திலேயே நிற்கும், பெற்றோர் பறந்து போய் அதன் ஓரத்தில் மூழ்கி எடுத்துவரும். 1990களிலும் அதற்குப் பிறகும் பனியின் ஓரம் கோடையில் விலகி விலகிப் போனது, கரையோர நீர் சூடானது, காட் பனியோடு போய்விட்டது. பெற்றோர் அருகில் கிடைத்த ஸ்கல்பின் மீனைக் கொண்டுவந்தன. அதன் தலை பெரிது, எலும்பு, முள். சின்னக் குஞ்சின் தொண்டையில் அது இறங்குவதே பாடு, இறங்கினாலும் காட் தருகிற கொழுப்பு அதில் கிடையாது.

தராசு இதை நாள் தவறாமல் காட்டியது. பொரிக்கும்போது முப்பது நாற்பது கிராம் இருக்கிற குஞ்சு, எல்லாம் நல்லபடி நடந்தால் ஐந்து வாரத்தில் அதைப்போலப் பத்து மடங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காட் வந்த நாட்களில் எடை ஏறும். பனி விலகிய வாரத்தில் ஏற்றம் நிற்கும், அப்புறம் இறங்கும். கில்லிமாட் இரண்டு முட்டை இடும், முதலில் பொரித்தது எப்போதும் சற்றுப் பெரியது. இரை குறைந்தால் பெரியது முந்திக்கொள்ளும், சின்னது நாளுக்கு நாள் இளைத்து ஒரு காலையில் பெட்டியைத் திறக்கும்போது அசைவில்லாமல் கிடக்கும். இதை நான் நேரில் பார்த்ததில்லை. எழுதும்போதே கை நிற்கிறது, அத்தனை ஆண்டு அதையே குறிப்பெடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்.

இதற்கு மேல் தெற்கிலிருந்து கொம்புப் பஃபின்கள் வந்தன. அவையும் பொந்து தேடுகிற பறவைகள். கில்லிமாட் இருக்கிற பெட்டிக்குள் புகுந்து முட்டையைத் தள்ளும், குஞ்சைக் கொல்லும். சில ஆண்டுகளில் இழப்பு பெரிதாகவே இருந்தது.

2002: கரடிகள் கரைக்கு வருகின்றன

முதல் கால் நூற்றாண்டில் கூப்பர் தீவில் கோடையில் பனிக்கரடியைப் பார்ப்பது மிக அரிது. கரடி சீல்களை வேட்டையாடுவது கடற்பனியின் மேல் நின்றுதான், அதனால் பனி எங்கே போகிறதோ அங்கே கரடியும் போகும். ஆனால் பனியின் ஓரம் ஆழக்கடலுக்கு மேல் வெகுதூரம் போனபோது, சில கரடிகள் அதோடு போகாமல் கரையில் இறங்கிவிட்டன. 2002 ஆகஸ்டில் அவை தீவுக்கு வந்தன. ஆய்வாளரின் கூடாரங்களைக் கிழித்துப் போட்டன, ஹெலிகாப்டர் வந்து அவரை மீட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கூடாரத்துக்குப் பதில் ஒரு சின்ன மரக் குடில் தீவுக்கு வந்தது. இது தாமதிக்காமல் எடுத்த முடிவு, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பறவைகளின் விஷயத்தில்தான் யோசனை தேவைப்பட்டது. பசித்த கரடிக்கு மரப்பெட்டி ஒரு தடையே கிடையாது. பாதத்தால் ஒரு புரட்டு, உள்ளே இரண்டு கொழுத்த குஞ்சு, அடுத்த பெட்டி. வரிசையாக வைத்த பெட்டிகள் கரடிக்கு வழிகாட்டின மாதிரி ஆகிவிட்டது. 2009-இல் கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சுகளும் போயின.

பெட்டியை மாற்றும் முடிவு

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. நடப்பது நடக்கட்டும், இதுவும் இயற்கையின் ஒரு பகுதி என்று கையைக் கட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பது ஒன்று. தலையிடுவது இன்னொன்று. ஆய்வு செய்கிறவர் ஆய்வுப் பொருளில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மைப் பழக்குகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் இந்தக் காலனி மனிதன் விட்டுப்போன பெட்டியில் தொடங்கி, மனிதன் வைத்த பெட்டியில் வளர்ந்தது. இங்கே கை வைக்காத நிலை என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. இன்னொன்று, கரடி எல்லாக் குஞ்சையும் தின்றுவிட்டால் குஞ்சின் எடை என்ற எண்ணே இல்லாமல் போகும். கடல் என்ன செய்கிறது என்பதைக் காட்டிக்கொண்டிருந்ததே அந்த எண்தான். நான் புரிந்துகொண்ட வரை இந்த இரண்டும் சேர்ந்துதான் முடிவைத் தள்ளியது. முதலில் சில கூடுகளில் முயன்று பார்த்துவிட்டு, 2011-இல் மரப்பெட்டிகளை எடுத்துவிட்டு, கருவிகளை வைத்து எடுத்துப்போகிற கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகளில் பறவை நுழையும் அளவுக்கு வாசல் அறுத்துக் காலனி முழுக்க வைத்தார். கரடி வந்தது, புரட்டிப் பார்த்தது, திறக்க முடியவில்லை. கரடியால் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ நின்றது.

அதற்குப் பின் நடந்தது

பெட்டி காப்பாற்றியது, ஆனால் காலனி மீளவில்லை. 2012 செப்டம்பரில் வட துருவக் கடற்பனி 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைவு. 1980-இல் அதே மாதத்தில் 70 லட்சத்துக்கு மேல் இருந்த பரப்பு அது. பத்திரமான பெட்டிக்குள் குஞ்சுகள் இரை போதாமல் இளைத்தன. கரடி இருந்தவரை செத்த குஞ்சு எல்லாம் கரடிக் கணக்கில் போய்விட்டது, கரடியை விலக்கியதும் பசி தனியாகத் தெரிந்தது.

பகல் வெளிச்சத்தைக் குறித்துவைத்து பறவை எங்கே இருந்தது என்று கணக்கிட உதவும் சின்னக் கருவிகளைக் காலில் கட்டியதில், இந்தப் பறவைகள் குளிர்காலத்தைச் சுக்சி, பேரிங் கடல்களின் பனியோரத்தில் கழிக்கின்றன என்பதும் தெரியவந்தது. 2017–18 குளிர்காலத்தில் பேரிங் கடலில் பனி பதிவில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. 2018 கோடையில் காலனியில் 100 ஜோடிகூட இல்லை, குளிர்காலம் தாண்டித் திரும்பாத பெரிய பறவைகள் அதிகம். 2020களில் 50 ஜோடிக்கும் கீழே போய்விட்டது. கில்லிமாட் ஆண்டுக்கு இரண்டே முட்டை இட்டு, பல ஆண்டு வாழ்ந்து ஈடுகட்டுகிற பறவை. குஞ்சு ஒரு ஆண்டு போனால் தாங்கும். பெரிய பறவை சாக ஆரம்பித்தால் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை.

மறுபடி ஒருவர் தொடங்கினால் எதை மாற்றலாம்

இவை என் கருத்துகள், அந்த ஆய்வாளர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டிக்குள் நடந்ததைத் தினமும் அளந்த அதே ஒழுங்கோடு கடலையும் அளக்க வேண்டும். பனியின் ஓரம் இன்று எத்தனை கிலோமீட்டர், கரையோர நீரின் வெப்பம் எவ்வளவு, வந்த மீன் எது, இந்த மூன்றும் குஞ்சின் எடைக்குப் பக்கத்திலேயே ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் வேறு பதிவுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம்தான், ஆனால் அன்றன்றைக்கு ஒன்றாகப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் முன்னாலேயே வரும்.

எல்லாப் பெட்டியையும் மொத்தமாக மாற்றினால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெட்டி மிஞ்சாது. சிலவற்றை மரமாகவே விட்டிருந்தால் கரடியின் பங்கு எவ்வளவு, பசியின் பங்கு எவ்வளவு என்று சுத்தமாகப் பிரித்திருக்கலாம். ஆனால் கரடி தின்னும் என்று தெரிந்தே சில குஞ்சுகளை விட்டுவைக்க வேண்டியிருக்கும். நான் அங்கே இருந்திருந்தால் எல்லாவற்றையும்தான் மாற்றியிருப்பேன். இதற்கு நல்ல விடை என்னிடம் இல்லை.

ஒரே ஆளை நம்பி இவ்வளவு நீண்ட பதிவு நின்றது பெரிய அபாயம். குறிப்பேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய இரண்டாவது ஆள் பத்தாவது ஆண்டிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, கூட்டு எண்ணிக்கை எழுதுகிற தாளில் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே வளையம் இல்லாத புதுப் பறவை என்று ஒரு கட்டம் வைத்து அதை ஆண்டுதோறும் தனியாக வரைந்து பார்க்க வேண்டும். கூப்பர் தீவில் மொத்த எண்ணிக்கை உச்சத்தில் இருந்து நன்றாகத் தெரிந்த அந்த நாட்களிலேயே அந்தக் கட்டம் காலியாகத் தொடங்கிவிட்டது, கரடி வருவதற்குப் பத்து ஆண்டுக்கும் முன்னால்.